எம்87: 2005இல் எகிறியது கருந்துளையா, முடிச்சா?

வான்கோழி: நேற்று ஒரு காணொளியில் ஒருவர் அடித்துவிடுகிறார், "2005இல் எம்87 கருந்துளை ஐம்பது மடங்கு பிரகாசமானது" என்று. எரிச்சலாக வருகிறது. எம்87 ஒரு விண்மீன் மண்டலம்; அதன் மையத்தில் கருந்துளை, அங்கிருந்து பீய்ச்சும் தாரைதான் ஜெட். எக்ஸ்ரேயில் ஐம்பது மடங்கு ஏறியது அந்த ஜெட்டில் இருக்கும் எச்எஸ்டி-1 என்ற பிரகாசமான முடிச்சு. மையத்திலிருந்து வானில் 0.86 ஆர்க் செகண்ட் கோணம் தள்ளி. அங்கே அது குறைந்தது 200 ஒளியாண்டு தூரம் ஐயா!

ராகுகேது: வந்துவிட்டார் வாத்தியார். சரி, அதே 2005இல் நமீபியாவில் ஹெஸ் தொலைநோக்கிகள் பிடித்த காமா கதிர் இரண்டே நாளில் ஏறி இறங்கியதே, அது எங்கிருந்து வந்தது? அவ்வளவு வேகமாக மாறினால், ஒளி இரண்டு நாளில் கடக்கும் அளவுக்குத்தான் இடம் இருக்கும், மிகச் சிறியது. கருந்துளைக்குப் பக்கத்தில்தான்.

வான்கோழி: முடிச்சு உச்சத்துக்குப் போனதும் 2005. காமா எகிறியதும் 2005. தற்செயலா?

ராகுகேது: 2008இல் காமா மறுபடி எகிறியது. ரேடியோவிலும் சந்திரா விண்வெளித் தொலைநோக்கியின் எக்ஸ்ரேயிலும் ஏறியது மையம். முடிச்சு சும்மா இருந்தது. 2010இலும் எக்ஸ்ரேயில் மையம்தான்.

வான்கோழி: 2008ஐ யார் கேட்டது? நான் கேட்பது 2005. போன தடவை குவேசார் விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

குறிஞ்சி: பிக்டர் ஏ என்ற இன்னொரு விண்மீன் மண்டலத்தின் ஜெட்டில், மையத்திலிருந்து லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் 2000இல் தெரிந்த ஒரு எக்ஸ்ரே புள்ளி, இரண்டு ஆண்டில் மங்கிவிட்டது. எலெக்ட்ரான்கள் இவ்வளவு சீக்கிரம் ஆற்றலை இழக்க எத்தனை வலுவான காந்தப்புலம் வேண்டும்? அதைப் பேசலாமே.

வான்கோழி: பேசலாம். முதலில் 2005க்குப் பதில் வரட்டும்.

மயிலைக்காரன்: எது எப்படியோ, இதையெல்லாம் காட்டிக்கொடுத்தது நம்ம சந்திரசேகர் பெயர் வைத்த தொலைநோக்கி. பெருமைப்படுங்கள்!

ராகுகேது: அவர் பிறந்தது லாகூரில்.

மயிலைக்காரன்: படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். லாகூர்க்காரர் என்று எவனாவது சொல்வானா?

வான்கோழி: மாநிலக் கல்லூரி இருக்கட்டும். ஐம்பது மடங்கு யார்? முடிச்சு. 2005இல் மையத்தையே மிஞ்சியது யார்? முடிச்சு. அவ்வளவு ஆற்றல் அங்கே கொட்டும்போது காமா மட்டும் வேறு வீட்டிலிருந்து வருமாம்.

ராகுகேது: வரும். இரண்டு நாள் கணக்குக்குப் பதில் சொல்லுங்கள்.

வான்கோழி: ஜெட் கிட்டத்தட்ட நம்மைப் பார்த்து வருகிறது. டாப்ளர் விளைவால், அங்கே நடக்கும் மாற்றத்தின் காலம் நமக்குச் சுருங்கித் தெரியும்.

ராகுகேது: எவ்வளவு சுருங்கும்? எண் போடுங்கள்.

வான்கோழி: அந்த முடிச்சுப் பகுதியிலேயே ஒளியைவிட ஆறு மடங்கு வேகத்தில் நகர்வதை ஹபிள் அளந்தது. போதுமா?

மயிலைக்காரன்: ஒளியைவிட வேகமா? ஐன்ஸ்டைனுக்குத் தெரியுமா?

குறிஞ்சி: அது தோற்றம் மட்டுமே. ஒளிவேகத்தை ஒட்டி வரும் பொருள் நம் திசைக்குச் சாய்ந்து வந்தால் அப்படித் தெரியும்.

மயிலைக்காரன்: அப்போ ஹபிள் பொய் சொல்கிறது என்கிறீர்களா?

ராகுகேது: எண் இன்னும் வரவில்லை.

வான்கோழி: நீங்கள் 2005க்கு வாருங்கள், எண் வரும்.