உயரம் குறைவு, எல்லா வகைப் பாறையேற்றமும் பிடிக்கும்: ஒன்றோடு நின்றுவிட வேண்டுமா?

கேள்வி (துரஹள்ளிக்காரி):
பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வார நாட்களில் இண்டோர் சுவர், சனி ஞாயிறில் துரஹள்ளிப் பாறைகளில் போல்டரிங் (கயிறில்லாமல் தாழ்வான பாறைகளில் ஏறுவது), நீண்ட விடுமுறை வந்தால் பாதாமிக்குப் போய் கயிறு கட்டி ஏறுவேன். என் உயரம் 5 அடி 1 அங்குலம். கூட ஏறும் ஒருவர், "உனக்குக் கை எட்டாது, போல்டரிங்கோடு நில்லு. எல்லாத்தையும் தொட்டா எதுலயும் தேற மாட்டே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது அமெரிக்கப் பாறையேறுநர் லின் ஹில் பெயரை எடுக்கிறார்கள். அவர் எப்படி ஏறினார், எப்படி யோசித்தார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (குன்றேறி):
எனக்கு மிகவும் பிடித்த ஏறுநர் அவர்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லின் ஹில்லின் உயரம் 5 அடி 2 அங்குலம். 1961ல் டெட்ராய்டில் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்தவர். சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ். கடினமான அசைவு வந்தால் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துப் பழகும் வழக்கம் அங்கிருந்து வந்தது. இளவயதில் அதே மாநிலத்தின் யோசமிட்டி பள்ளத்தாக்கில், ஏறுநர்கள் கூடாரம் போடும் கேம்ப் 4ல் தங்கி, காலி டப்பா பொறுக்கி விற்ற காசில் கயிறு வாங்கி ஏறியவர்.

அந்தக் காலத்து யோசமிட்டியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விழுந்துவிட்டால் கீழே இறங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கயிற்றில் தொங்கி ஓய்வெடுத்து அடுத்த அசைவைப் பழகுவது கிட்டத்தட்ட ஏமாற்று வேலை மாதிரி. லின்னும் அப்படித்தான் வளர்ந்தார். ஆனால் 1984ல் நியூயார்க் மாநிலத்தின் கங்க்ஸ் பாறையில் 'வாண்டல்ஸ்' என்ற வழியை ஏறும்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, தொங்கியபடியே அசைவுகளைக் கற்றார். பிறகு பிரான்ஸ் போய், பாறையில் முன்பே பதித்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டி ஏறும் ஸ்போர்ட் ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டார். 30க்கும் மேற்பட்ட சர்வதேசப் பட்டங்கள் வென்றார். 1990ல் பிரான்சின் சிமாயில் 'மாஸ் கிரிட்டிக்' என்ற வழியை ஏறினார். பிரெஞ்சுக் கடின அளவுகோலில் அது 8பி+. அந்த அளவுக் கடினத்தை ஏறிய முதல் பெண் அவர்தான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் யோசமிட்டியின் எல் கேப்பிடன் பாறை, அதில் 'நோஸ்' என்ற வழி. ஏறக்குறைய 900 மீட்டர் செங்குத்துக் கிரானைட். 1957, 58ல் வாரன் ஹார்டிங்கின் குழு ஆணி அடித்து, கயிற்றில் தொங்கி, மொத்தம் 45 நாள் உழைத்து முதலில் ஏறிய வழி. ஆள் விழுந்தால் தாங்க மட்டும் கயிறு, ஏறுவது முழுக்கக் கையும் காலும் என்ற முறையில் அதை அதுவரை யாரும் முடித்ததில்லை. லின் 1989ல் சைமன் நாடினுடன் முயன்றபோது 'கிரேட் ரூஃப்' பகுதி விடவில்லை. 1993ல் புரூக் சாண்டாலுடன் போய் நான்கு நாளில் முடித்தார்.

அதோடு விட்டாரா? அடுத்த ஆண்டு ஒரே நாளில் ஏறப் போனார். முதல் முயற்சியில் வெயில் கொளுத்தியது, தண்ணீர் தீர்ந்தது, கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடரும் தீர்ந்தது. திரும்பிவிட்டார். 1994 செப்டம்பரில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி 23 மணி நேரத்தில் உச்சி. ஒரே நாளில் அப்படி ஏற 2005 வரை வேறு யாராலும் முடியவில்லை.

உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள்: பாறை விரிசலுக்குள் கை, கால் செருகி ஏறும் பழக்கம் யோசமிட்டியில் கிடைத்தது, தாக்குப்பிடிக்கும் பலம் போட்டிகளில் கிடைத்தது, நுணுக்கமான அசைவு பிரான்சின் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்தது. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த 23 மணி நேரம் சாத்தியமில்லை என்றே நினைக்கிறேன்.

பதில் (கயிறும்கல்லும்):
எல்லாம் சரி. ஆனால் கிரேட் ரூஃப் விரிசல் மெல்லியது, அவருக்கு விரல் சின்னது, அதனால் உள்ளே போனது. இதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

பதில் (குன்றேறி):
விரல் அங்கே உதவியது உண்மைதான். ஆனால் இன்னும் மேலே 'சேஞ்சிங் கார்னர்ஸ்' இருக்கிறது. பிடி என்று சொல்லவே ஒன்றுமில்லாத ஒரு மூலை. அங்கே விரலால் பெரிய லாபம் இல்லை. முதுகு, முழங்கை, இடுப்பு, பாதம் என்று உடம்பையே மூலைக்குள் அழுத்தித் திருப்பி ஏற ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டாத இடத்தில் உயரத்துக்காக ஏங்காமல், தன் உடம்புக்கு ஏற்ற வேறு வரிசையைத் தேடினார். இன்னொன்று: 2005ல் ஒரே நாளில் நோஸை ஏறியவர் டாமி கால்டுவெல். அவருக்கு இடதுகை ஆள்காட்டி விரல் பாதிதான், மரமறுக்கும் இயந்திரத்தில் 2001ல் போய்விட்டது. அதற்குப் பிறகு விரல் அளவை வைத்துக் கணக்குப் போடுவதை நான் விட்டுவிட்டேன்.

பதில் (சாக்பை):
1989ல் பிரான்சின் 'பூ' (Buoux) என்ற இடத்தில் லின்னுக்கு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹார்னஸில் (இடுப்புப் பட்டையில்) கயிற்றைக் கோத்தவர், பேச்சில் கவனம் போய் முடிச்சை முடிக்கவில்லை. மேலே ஜாக்கெட் மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. உச்சியில் கயிற்றில் சாய்ந்தார், 70 அடிக்கும் மேல் விழுந்தார். மரக்கிளைகள் வேகத்தைக் குறைத்தன. முழங்கை மூட்டு நழுவியது, பாதத்தில் எலும்பு முறிந்தது. மாஸ் கிரிட்டிக் ஏறியது அதற்கு அடுத்த ஆண்டு என்பதைக் கவனியுங்கள். பாதாமி போனால் தரையை விடுமுன் உங்கள் முடிச்சை நண்பரும், கீழிருந்து கயிற்றைப் பிடிக்கும் அவருடைய பிலே அமைப்பை நீங்களும் கையால் தொட்டுப் பாருங்கள்.

துரஹள்ளிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. நான் மூன்றையும் விடப் போவதில்லை. ஒரு சந்தேகம் மட்டும். விரிசல் ஏற்றம் எனக்குச் சுத்தமாகப் பழக்கமில்லை. பெங்களூரிலிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரத்தில், தொடக்கநிலைக்கு நல்ல, கை நுழையும் அளவு விரிசல் எங்கே இருக்கிறது? கையில் சுற்றும் டேப் எந்த அகலத்தில் வாங்குவது?