டெபியன் 13-க்கு மாறிய பிறகு பெரிய திரையில் மட்டும் மவுஸ் அம்பு உடைகிறது

மெய்ப்புமேசை | திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். வேலை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், அவ்வப்போது படம் வரைய இங்க்ஸ்கேப். 14 அங்குல மடிக்கணினி, அதோடு ஹெச்டிஎம்ஐ கேபிளில் ஒரு 27 அங்குல 4கே திரை. மூன்று வருடமாக இந்த ஜோடிதான் எனக்குச் சோறு போடுகிறது.

என் இயங்குதளம் டெபியன் லினக்ஸ். போன வாரம் அதை 12-லிருந்து 13-க்கு ஏற்றினேன். ஒரு பிழையும் வரவில்லை. பழைய கணக்கில் குப்பை சேர்ந்துவிட்டதே என்று அதோடு புதிதாக ஒரு பயனர் கணக்கும் தொடங்கி, வேலைக் கோப்புகளை அங்கே மாற்றிக்கொண்டேன்.

அன்றிலிருந்து பெரிய திரையில் அம்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கையை நகர்த்தினால் ஒரு தயக்கம், அப்புறம் ஒரு தாவல். சில நேரம் அம்பின் மேல்பாதி மட்டும் தெரிகிறது, வால் வெட்டுப்பட்டுவிடுகிறது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அம்பை மடிக்கணினித் திரைக்குக் கொண்டுவந்த பிறகும் பெரிய திரையின் ஓரத்தில் ஒரு அம்பு அசையாமல் நின்றுகொண்டிருக்கும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. திரும்ப அங்கே போனால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

டெமி என்ற புத்தக அளவுப் பக்கத்தில் 12 மி.மீ.க்கு ஒரு வழிகாட்டிக் கோடு இழுத்தால் 12.7-ல் போய் உட்காருகிறது. எண்ணைத் தட்டச்சு செய்து சரிசெய்யலாம்தான், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை கோடு!

மவுஸ் மேல் சந்தேகப்பட்டு பேட்டரி மாற்றினேன். வயர் உள்ள மவுஸைச் செருகிப் பார்த்தேன். டச்பேடிலும் அதே கதை. மடிக்கணினித் திரையில் மட்டும் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. இங்கே காட்டலாம் என்று மூன்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். மூன்றிலும் அம்பு முழுசாக, அழகாக இருக்கிறது! கடைசியில் போனில் படம் பிடித்தேன், அதில்தான் வெட்டு தெரிகிறது. "அம்மா, உனக்கு மட்டும் தெரியுற பேயா இது?" என்று மகள் சிரிக்கிறாள்.

புதிய பதிப்பில் ஒன்று மட்டும் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் எழுத்தின் அளவை இரண்டு திரைக்கும் ஒன்றாகத்தான் வைக்க முடியும். இப்போது பெரியதில் 200, மடிக்கணினியில் 100 என்று தனித்தனியாக வைத்துவிட்டேன். கண்ணுக்கு இதம்.

ஜனவரி புத்தகக் காட்சிக்கு மூன்று புத்தகம் கையில் இருக்கிறது. அதில் ஒன்று 19 ஃபாரம், 304 பக்கம். யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய_ரேம் | திங்கள், இரவு 11.15

வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை எங்கே செருகியிருக்கிறீர்கள்? யுஎஸ்பி 3 பக்கத்தில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் வந்து அம்பு தடுமாறும். வெளி ஹார்டு டிஸ்க் ஓடும்போது இன்னும் மோசம். ஒரு நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்துப் பாருங்கள். எனக்கு இதில்தான் சரியானது.

ஜன்னல்வாசி | செவ்வாய், காலை 7.05

@பழைய_ரேம் வயர் மவுஸிலும் டச்பேடிலும் அப்படித்தான் என்று எழுதியிருக்கிறாரே, முழுசாகப் படியுங்கள் சார்.

நான் விண்டோஸ் ஆள், லினக்ஸ் தெரியாது. அலுவலகத்தில் இதே மாதிரி அம்பு காணாமல் போனால் ஒரு நாட்டு வைத்தியம் செய்வோம். மவுஸ் அமைப்பில் 'பாயின்டர் டிரெயில்ஸ்' என்று அம்புக்குப் பின்னால் வால் விடும் வசதி இருக்கும், அதை இயக்கி, வாலைக் குட்டையாக வைத்துவிட்டால் அம்பு வந்துவிடும். ஏன் என்று கேட்காதீர்கள், வேலை செய்யும்.

மின்வெட்டு | செவ்வாய், காலை 9.30

ஜன்னல்வாசி சொன்ன வைத்தியத்துக்கும் அக்கா சொன்ன ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் வேர் ஒன்றுதான்.

திரையில் தெரியும் ஜன்னல், மெனு, பக்கம் எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்த்து கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கிறார்கள். அந்தப் படத்தில் பெரும்பாலும் அம்பு இருக்காது. அம்புக்கென்று சிப்பிலேயே ஒரு சின்னத் தட்டு தனியாக உண்டு. பல சிப்புகளில் 64-க்கு 64 புள்ளி, சிலவற்றில் 256 வரை. திரைக்கு அனுப்பும்போதுதான் அதைப் படத்தின் மேல் வைக்கிறார்கள், கண்ணாடியில் ஒட்டிய பொட்டு மாதிரி. மவுஸை ஒரு மயிரிழை நகர்த்தினால் 4கே திரையின் 83 லட்சம் புள்ளியையும் மறுபடி வரைய வேண்டாம், பொட்டை மட்டும் நகர்த்தினால் போதும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது அந்தத் தட்டை யாரும் பார்ப்பதில்லை. அம்பின் படத்தை எடுத்துப் புதிதாக வரைந்து சேர்த்துவிடுகிறார்கள். அதனால் அதில் எப்போதும் முழு அம்புதான் வரும். போன் மட்டும்தான் திரையில் உண்மையில் இருப்பதைப் பார்க்கிறது. விண்டோஸில் வால் விடும் வசதியை இயக்கினால் அம்பைத் தட்டில் வைக்காமல் படத்திலேயே வரைய வேண்டியதாகிறது, அதனால் வந்துவிடுகிறது.

ஆக, மவுஸ் மேல் தப்பில்லை. ஊர்ஜிதம் செய்ய, அமைப்புகளில் அணுகல்தன்மை பகுதிக்குப் போய் உருப்பெருக்கியை இயக்கி, அளவை 1 என்று வையுங்கள். எதுவும் பெரிதாகாது, ஆனால் அம்பை, டெஸ்க்டாப்பை நடத்தும் குனோம் என்ற மென்பொருளே வரைய ஆரம்பிக்கும். அப்போது உடையாமல் இருந்தால் தட்டுதான் குற்றவாளி.

அப்புறம் பழைய கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின் பழைய பதிப்பில், ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். டெபியன் 13 வந்தது 6.12-ஓடு, உங்கள் 12-ன் 6.1 இன்னும் வட்டில் இருக்கும். கணினி கிளம்பும்போது வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பாருங்கள். பெரிய திரை 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 30-க்கு இறங்கியிருந்தால் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) 33 மில்லி நொடி ஆகும், அதுவே தயக்கமாகத் தெரியும். கடைசியாக ஒரு கேள்வி: மடிக்கணினியில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கிறதா?

மெய்ப்புமேசை | செவ்வாய், மாலை 4.20

தம்பி, பொட்டு என்றதும் பளிச்சென்று புரிந்துவிட்டது.

உருப்பெருக்கியை இயக்கினேன். அம்பு முழுசாக வந்தது! ஓரத்தில் நிற்கும் பேயும் போனது. ஆனால் டெஸ்க்டாப் முழுக்கக் கொஞ்சம் கனத்த மாதிரி இருக்கிறது, பக்கத்தை உருட்டினால் இழுக்கிறது. 304 பக்கத்துக்கு இது ஆகாது. 60 ஹெர்ட்ஸ் சரியாக இருக்கிறது. 6.1 கர்னலில் ஏற்றினேன், அதிலும் அதே வெட்டு, அதே பேய். சிப் இரண்டு இருக்கின்றன. வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிறேன் என்று ஆசைப்பட்டு வாங்கியது, கற்றுக்கொள்ளவில்லை.

மின்வெட்டு | செவ்வாய், இரவு 8.50

பழைய கர்னலிலும் வருகிறது என்றால் கர்னலை விட்டுவிடலாம். உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன் அக்கா. நீங்கள் சந்தோஷமாகச் சொன்ன விஷயத்தில்தான் விடை இருக்கிறது.

முன்பு இரண்டு திரைக்கும் ஒரே அளவுதான் வைக்க முடிந்தது என்கிறீர்கள். லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் ஏற்பாடு இரண்டு: பழைய எக்ஸார்க் (எக்ஸ்11 என்றும் சொல்வார்கள்), புதிய வேலண்ட். குனோமில் அந்தக் கட்டுப்பாடு எக்ஸார்க்கில்தான், வேலண்டில் திரைக்குத் திரை வேறு அளவு வைக்கலாம். ஆக, இத்தனை நாள் உங்களுக்கே தெரியாமல் எக்ஸார்க்கில் வேலை செய்திருக்கிறீர்கள். எப்போதோ யாரோ லாகின் திரையின் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி மாற்றிவைத்திருக்கலாம். அந்தத் தேர்வு கணக்குக்குக் கணக்கு தனியாக நினைவில் இருக்கும். புதிய கணக்கு தொடங்கினீர்களா, அது இயல்பாக வேலண்டுக்குப் போய்விட்டது. டெபியனை ஏற்றியதும் கணக்கை மாற்றியதும் ஒரே நாளில் நடந்ததால் பழி ஏற்றத்தின் மேல் விழுந்தது.

அமைப்புகளில் 'கணினி பற்றி' பக்கத்தில் விண்டோயிங் சிஸ்டம் என்ன என்று பாருங்கள். அப்படியே பழைய கணக்கில் ஒரு முறை நுழைந்தும் பாருங்கள்.

ஹெச்டிஎம்ஐ துளையையும் கவனிக்க வேண்டும். இரட்டைச் சிப் மடிக்கணினிகள் பலவற்றில் அது இரண்டாவது சிப்பில் கோத்திருக்கும். டெஸ்க்டாப்பை வரைவது முதல் சிப், திரை தொங்குவது இரண்டாவதில். ஒவ்வொரு சட்டத்தையும் அங்கே நகலெடுத்து அனுப்ப வேண்டும், அம்பின் தட்டையும் அந்தச் சிப்பின் டிரைவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இடறுவது அங்கேதான். டைப்-சி துளை பெரும்பாலும் முதல் சிப்போடு இருக்கும், எல்லா மாடலிலும் அல்ல. துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ மின்னல் குறியோ இருக்கிறதா?

ஜன்னல்வாசி | செவ்வாய், இரவு 9.10

பல்சக்கரத்தில் எக்ஸார்க்கை எடுத்துவிட்டால் வேலை முடிந்ததே, எதற்குக் கேபிளைக் கழற்றிக்கொண்டு?

மின்வெட்டு | செவ்வாய், இரவு 9.25

இந்த சீசனுக்கு முடியும். டெபியன் 13-ல் இருப்பது குனோம் 48, அதில் எக்ஸார்க் இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த குனோம் 49-ல் அதை இயல்பாக அணைத்தே வைத்துவிட்டார்கள். அடுத்த பதிப்புக்கு ஏற்றும்போது இதே பேய் திரும்ப வரும். அக்காவுக்குத் திரைக்குத் திரை அளவும் போய்விடும்.

டைப்-சி சரிப்படவில்லை என்றால் அம்பைத் தட்டில் வைக்காதே என்று குனோமுக்குச் சொல்ல ஒரு வரி இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன். உருப்பெருக்கி அளவுக்குக் கனக்காது.

மெய்ப்புமேசை | புதன், பகல் 1.10

பழைய கணக்கில் நுழைந்து பார்த்தேன். எக்ஸ்11 என்றே இருக்கிறது! அம்பும் ஒழுங்காக ஓடுகிறது. பல்சக்கரத்தை அழுத்தியது யார் என்றும் நினைவு வந்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு ஆன்லைன் கூட்டத்தில் திரையைப் பகிர முடியவில்லை என்று அக்கா மகன் வந்து ஏதோ தட்டிவிட்டுப் போனான். போனில் கேட்டால் "நானா சித்தி?" என்கிறான்.

மடிக்கணினியின் இடது பக்கம் இரண்டு டைப்-சி துளை. பின்னால் இருப்பதன் பக்கத்தில் சின்னதாக மின்னல் குறி, இத்தனை நாள் அதை சார்ஜ் குறி என்று நினைத்திருந்தேன். கீழவீதிக் கடைக்குப் போய் டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கிவந்து புதிய கணக்கில், வேலண்டிலேயே செருகினேன். வெட்டு இல்லை, பேய் இல்லை, தயக்கம் இல்லை. 12 என்றால் 12-ல் உட்காருகிறது. 200, 100 இரண்டும் அப்படியே இருக்கின்றன. அந்த ஒரு வரியை இப்போதைக்குப் போடவில்லை.

ஒரே ஒரு குறை. கேபிள் ஒரு மீட்டர்தான் கிடைத்தது, திரையை மேசையின் இடது ஓரத்துக்கு இழுத்து வைத்திருக்கிறேன், கழுத்து வலிக்கிறது. இரண்டு மீட்டரில் வாங்கினால் 4கே 60 ஹெர்ட்ஸ் தாங்குமா?

மின்வெட்டு | புதன், பகல் 1.40

தாங்கும் அக்கா. மலிவாக வாங்காதீர்கள், 60 ஹெர்ட்ஸ் என்று உறையில் எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.