பைத்தான்: கெட்டில் (get) 0 கொடுத்தும் நன் (None) வருகிறது, டிஃபால்ட்டிக்ட்டில் (defaultdict) இல்லாத கீ சேர்கிறது

கேள்வி
பல கடைகளோட சரக்குப் பட்டியல் ஜேசானா (JSON) வருது; ஒவ்வொரு பொருளும் கீ-மதிப்பு ஜோடிகள் உள்ள ஒரு டிக்ட் (dict). சில பொருளுக்கு "தள்ளுபடி"ங்கிற கீயே இருக்காது. பொருள்["தள்ளுபடி"]ன்னு எடுத்தா கீஎரர். சரின்னு பொருள்.கெட்("தள்ளுபடி", 0)ன்னு மாத்தினேன். அப்பவும் சில வரியில, விலையிலிருந்து தள்ளுபடியைக் கழிக்கிற இடத்துல டைப்எரர்; பிரின்ட் போட்டா மதிப்பு நன்னு (None, அதாவது மதிப்பே இல்லைன்னு) வருது. 0 கொடுத்த பிறகு நன் எப்படி வரும்?

இன்னொண்ணு. கையிருப்பைக் கூட்ட 'இருப்பு'ன்னு ஒரு டிஃபால்ட்டிக்ட்(இன்ட்), அதாவது இல்லாத கீக்கு 0 தர்ற டிக்ட், வெச்சிருக்கேன். கடைசியில லென் (len) பார்த்தா, ஃபைல்ல இருக்கிற பொருளை விட எண்ணிக்கை அதிகம். ஏன்?

பதில் 1
கெட்டுக்கு நீங்கள் கொடுக்கும் 0, கீ அறவே இல்லாதபோது மட்டும்தான் திரும்பும். அந்த வரிகளில் "தள்ளுபடி": நல் (null) என்று வந்திருக்கும். ஜேசானின் நல், பைத்தானில் நன் ஆகிறது. கீ இருக்கிறது, மதிப்பு நன். கெட் அதை அப்படியே எடுத்துத் தருகிறது.

பொருள்.கெட்("தள்ளுபடி") ஆர் (or) 0 என்று எழுதினால் இந்த இடத்தில் சரியாக வரும். ஆனால் இதையே பழக்கமாக்காதீர்கள். கெட்("கையிருப்பு") ஆர் 10 என்று எழுதினால், கையிருப்பு உண்மையிலேயே 0 ஆக இருக்கும் பொருளுக்கும் 10 விழும். 0, காலி ஸ்ட்ரிங், காலி லிஸ்ட், ஃபால்ஸ் எல்லாம் ஆர்-க்கு ஒன்றுதான். எரரும் வராது, கணக்கு மட்டும் தப்பாகும். இரண்டு வரியாக எழுதுவதே நல்லது:

மதிப்பு = பொருள்.கெட்("கையிருப்பு")
இஃப் மதிப்பு இஸ் நன்: மதிப்பு = 10

கெட்("முகவரி", {}).கெட்("ஊர்") என்று சங்கிலியாக எழுதும் இடத்திலும் இதே சிக்கல்தான். "முகவரி" நல் ஆக வந்தால் அட்ரிபியூட்எரர். அங்கே (பொருள்.கெட்("முகவரி") ஆர் {}).கெட்("ஊர்") போதும், காலி டிக்ட்டுக்குப் பதில் இன்னொரு காலி டிக்ட் வருவதால் நஷ்டமில்லை.

பதில் 2
இரண்டாவது கேள்விக்கு: டிஃபால்ட்டிக்ட்டில் சதுர அடைப்புக்குறி போட்டு வெறுமனே படித்தாலே கீ உருவாகிவிடும். எங்கோ இஃப் இருப்பு["உப்பு"] == 0 என்று சோதித்திருப்பீர்கள். அந்த ஒரு வரியே "உப்பு"வை 0 மதிப்போடு சேர்த்துவிட்டது. சோதிக்க "உப்பு" இன் (in) இருப்பு, இல்லையென்றால் இருப்பு.கெட்("உப்பு", 0) போடுங்கள். இந்த இரண்டும் எதையும் சேர்க்காது.

கூட்டி முடித்ததும் இருப்பு.டிஃபால்ட்_ஃபேக்டரி = நன் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு இல்லாத கீயைத் தொட்டால் வழக்கம்போல் கீஎரர் வரும். டிஃபால்ட்டிக்ட்டை அடுத்த ஃபங்ஷனுக்கு அனுப்புமுன் இதைச் செய்யாமல் விடக்கூடாது என்பது என் கருத்து. வாங்குகிறவர் அதைச் சாதா டிக்ட் என்றே நினைத்து எழுதுவார்.

எண்ணிக்கை மட்டும்தான் வேண்டும் என்றால் கலெக்ஷன்ஸில் உள்ள கவுன்ட்டர் பொருத்தம். இல்லாத கீயைக் கேட்டால் 0 தரும், ஆனால் சேர்க்காது.

கேள்வி கேட்டவர்
ரெண்டும் சரியாயிடுச்சு, நன்றி. இன்னொரு ஸ்கிரிப்ட்ல, லூப்புக்குள்ள டிக்ஷனரியோட அளவு மாறிடுச்சுன்னு ரன்டைம்எரர் வருதே, அதுவும் இதனாலதானா? அப்புறம், கடை வாரியா பிரிக்க செட்டிஃபால்ட் (setdefault, கீ இல்லைன்னா கொடுத்த மதிப்பைச் சேர்த்துத் தர்றது) போதுமா?

பதில் 2
ஆமாம், பெரும்பாலும் அதுதான். டிஃபால்ட்டிக்ட் மேல் லூப் ஓடும்போது உள்ளே இல்லாத கீயைப் படித்தால் அது அங்கேயே சேர்ந்து அளவு மாறிவிடும்.

குழு.செட்டிஃபால்ட்(கடை, []).அப்பெண்ட்(பொருள்) தாராளமாகப் போதும். ஒன்று கவனியுங்கள்: கீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காலி லிஸ்ட் ஒவ்வொரு முறையும் உருவாகும். லிஸ்ட்டுக்கு அது பெரிய செலவில்லை. அந்த இடத்தில் டேட்டாபேஸைக் கேட்கும் ஃபங்ஷன் இருந்தால், தேவையே இல்லாதபோதும் அது ஓடும். கெட்டும் அப்படித்தான். டிக்ட்.ஃப்ரம்கீஸ்(கடைகள், []) மட்டும் வேண்டாம். எல்லாக் கடைக்கும் ஒரே லிஸ்ட்தான் கிடைக்கும், ஒன்றில் சேர்த்தது அத்தனையிலும் தெரியும்.

பதில் 3
எல்லா இடத்திலும் கெட் போடுவதற்கு முன், அந்தக் கீ இல்லாமல் இருப்பது நியாயமா என்று பாருங்கள். தள்ளுபடி இல்லையென்றால் 0 என்பது சரி. "விலை" இல்லையென்றால் 0 என்று வைத்தால் பொருளை இலவசமாக விற்றதாகக் கணக்கு வரும். விலைக்குச் சதுர அடைப்புக்குறியே இருக்கட்டும். கீஎரர் வந்து நிற்பதுதான் அங்கே வேண்டியது.

எரர் செய்தியையும் உற்றுப் பாருங்கள். கீஎரர்: 101 என்பதும் கீஎரர்: '101' என்பதும் வேறு. மேற்கோள்குறி இல்லையென்றால் நீங்கள் தேடியது எண். ஜேசானில் கீ எப்போதும் ஸ்ட்ரிங்தான். 101 என்று எழுதி வைத்தாலும் திரும்பப் படிக்கும்போது '101' ஆகத்தான் வரும். '101 ' என்று கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியும் அந்த மேற்கோள்குறிக்குள் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் கெட் போட்டால், இருக்கிற பொருளையே இல்லை என்று சொல்லி 0 தந்துகொண்டிருக்கும்.

ட்ரை, எக்செப்ட் கீஎரர் போடுவதானால் ட்ரைக்குள் அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும். அதற்குள் வேறு ஃபங்ஷனை அழைத்தால், அதன் உள்ளே வரும் கீஎரரையும் சேர்த்து விழுங்கிவிடும்.