தோட்டத்து விறகுக்கு எந்த அடுப்பு? புகை குறைந்த அடுப்பு வாங்கியவர்களின் அனுபவங்கள்

ஆனைமலை, தென்னந்தோப்பு வீடு

எங்கள் வீட்டில் எரிவாயு இணைப்பு இருக்கிறது. ஆனாலும் விறகடுப்பு எரியாத நாள் கிடையாது. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, விருந்தாளிகள் வந்தால் அண்டாவில் சோறு என்று எல்லாம் விறகில்தான். மட்டையும் பாளையும் கொட்டாங்குச்சியும் தோப்பில் குவிந்து கிடக்கையில், அவற்றைச் சும்மா கொளுத்திவிட்டுச் சிலிண்டருக்குக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்? மாமியாருக்கு இருமல் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனபோது மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "வீட்டில் எதில் சமைக்கிறீர்கள்?" என்பதுதான். அதன் பிறகே புகை குறைந்த அடுப்பைத் தேட ஆரம்பித்தோம்.

விசிறி வைத்த அடுப்பு ஒன்று வாங்கினோம். உருளை வடிவ எஃகு அடுப்பு. அடியில் சின்ன விசிறி, அதை ஓட்ட மின்னேற்றிக்கொள்ளும் பேட்டரி. விசிறிக் காற்று இரண்டு வழியாகப் போகிறது. ஒரு பங்கு கீழிருந்து விறகுக்குள் நுழைகிறது. இன்னொரு பங்கு சுவருக்கு நடுவே ஏறிச் சூடாகி, மேல் விளிம்பில் வரிசையாக இருக்கும் ஓட்டைகள் வழியே தீக்குள் பாய்கிறது. கொட்டாங்குச்சியைச் சிறு துண்டுகளாக உடைத்து நிரப்பி, மேலே காய்ந்த பன்னாடையை வைத்துப் பற்றவைப்பேன். தீ பிடித்ததும் ஓட்டைகளிலிருந்து சுடர் உள்நோக்கிச் சீறி நடுவில் கூடும். அந்த நேரத்தில் விசிறியை நிறுத்திப் பாருங்கள், குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழும். மறுபடி போட்டால் அந்தப் புகையே தீயாகிவிடும். புகை என்று நாம் துரத்திக்கொண்டிருப்பது எரியாமல் தப்பிப்போகும் விறகுதான் என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய முத்திரையைக் கேளுங்கள். ஐ.எஸ். 13152 என்ற தரம் 2013-இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி விசிறி வைத்த அடுப்பு, விறகின் வெப்பத்தில் குறைந்தது 35 விழுக்காட்டைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். பாத்திரத்தில் ஏறும் ஒவ்வொரு மெகாஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்துக்கும் புகையில் வெளிவரும் நுண்துகள் 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. விசிறி இல்லாத அடுப்புக்கு 25 விழுக்காடும் 350 மில்லிகிராமும் வரம்பு. ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 16 மெகாஜூல் இருக்கிறது. மூன்று கல் அடுப்பில் அதில் 10 முதல் 15 விழுக்காடுதான் பாத்திரத்துக்குப் போகிறது. அப்படிப் பார்த்தால் விறகுச் செலவு பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் கொட்டாங்குச்சி எரிக்கும்போது அது உண்மையாகவே தெரிகிறது.

ஆனால் மட்டையை வைத்தால் கதை வேறு. விரல் நீளத்துக்கு வெட்டினால்தான் உள்ளே போகும், நார் அரிவாளுக்குச் சிக்கித் திமிறும். ஒருமுறை நிரப்பியது எரிந்து முடியும்போது மேலே அள்ளிப் போட்டால் தீ அடங்கிப் புகைகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். சோறு, குழம்பு, பால் எல்லாம் அருமையாக நடக்கிறது. அண்டாவை அதன்மேல் ஏற்ற முடியாது. ஆக, வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் இன்னும் பழைய கல்லடுப்புதான். மாமியார் மூக்கில் ஏறும் புகையில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. பெரிய பாத்திரத்துக்கு என்ன செய்தீர்கள் என்று மற்றவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதுகுளத்தூர்

அக்கா, எங்கள் பக்கம் விறகு என்றாலே சீமைக்கருவேலம்தான். முள்ளைக் கழித்து இரண்டடி, மூன்றடி நீளத்தில் வெட்டிக் கட்டிவைப்போம். அதைத் துண்டு துண்டாக நறுக்கி விசிறி அடுப்பில் போடச் சொன்னால் அம்மா அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார். அதனால் பக்கவாட்டில் விறகு தள்ளும் ராக்கெட் அடுப்பு வாங்கினோம். லாரி வினியார்ஸ்கி என்ற அமெரிக்கர் 1980களில் வகுத்துக் கொடுத்த முறை இது. எரியும் அறை 'ட' எழுத்தைத் திருப்பிப் போட்டது போல வளைந்திருக்கும். கிடையாக விறகு நுழையும், நிமிர்ந்த பகுதியில் தீ ஏறும். அந்த நிமிர்ந்த பகுதி சூடாகிவிட்டால் காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. ஊதாங்குழலுக்கு வேலையில்லை.

கவனிக்க வேண்டியது விறகுக்குக் கீழே இருக்கும் தட்டு. விறகு அந்தத் தட்டின் மேல்தான் கிடக்க வேண்டும், அதற்கடியில் காற்று போக வேண்டும். எங்கள் ஊரில் பலர் தட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வாய் கொள்ளும் மட்டும் விறகைத் திணிக்கிறார்கள். பிறகு அடுப்பு சரியில்லை என்கிறார்கள். நடுத்தரக் கனத்தில் இரண்டு மூன்று குச்சி போதும். நுனி மட்டும் எரிய வேண்டும், எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும்.

களி கிண்டுகிற வீடாக இருந்தால் கடையிலேயே பானையில் தண்ணீர் நிரப்பி ஏற்றித் துடுப்பைப் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். உயரமான ஒல்லி அடுப்பு ஆடும். கொதிக்கும் களியோடு சாய்ந்தால் என்ன ஆகும் என்று விற்பவர் யோசிப்பதில்லை. உள்ளறை வார்ப்பிரும்பா, சுட்ட மண்ணா, வெறும் தகடா என்றும் கேளுங்கள். கருவேலத் தணல் கடுமையானது, மெல்லிய தகட்டை அரித்துவிடும்.

திருவண்ணாமலை, ஓய்வுபெற்ற கொத்தனார்

ஆனைமலை அம்மாவின் கேள்விக்கு என் பதில்: அண்டாவுக்கு வாங்கும் அடுப்பு வேண்டாம், கட்டும் அடுப்புதான் சரி. மத்திய அரசின் புகையில்லா அடுப்புத் திட்டம் 1983-இல் தொடங்கி 2002 வரை நடந்தது. நாடு முழுவதும் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் அதில் போடப்பட்டன. அந்தக் காலத்தில் பயிற்சி எடுத்துக் கட்டிய கை என்னுடையது. களிமண், வைக்கோல் துண்டு, சாணம் மூன்றையும் மிதித்துப் பதமாக்கி, இரண்டு பாத்திர வாய் வைத்து, கடைசியில் புகைபோக்கி ஏற்றுவோம். முதல் பாத்திரத்துக்கு அடியில் தீ, அங்கிருந்து சுரங்கம் வழியாக மிச்சச் சூடு இரண்டாவதற்கு.

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புகைபோக்கி புகையை எரிப்பதில்லை, வேறிடத்துக்கு அனுப்புகிறது. கூரை முகட்டுக்கு மேலே குழாய் போகாவிட்டால் காற்று திரும்பும்போது அதே புகை ஓட்டுச் சந்து வழியாக வீட்டுக்குள்ளேயே இறங்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். கரி படிந்து குழாய் அடைத்தாலும் அப்படித்தான். நீளக் கழியில் சாக்குத் துணி கட்டி மேலிருந்து இறக்கி, அமாவாசைக்கு அமாவாசை துடைக்கச் சொல்வோம். துடைத்த வீடுகளில் அடுப்பு ஆண்டுக்கணக்கில் நின்றது. இரண்டாவது வாயில் பாத்திரம் இல்லாதபோது அதை மூடிவைக்க வேண்டும். திறந்து கிடந்தால் இழுவை போய்விடும், புகை மொத்தமும் அங்கே வரும். பாத்திரத்தின் அடி வாயில் பதிந்து உட்கார வேண்டும் என்பதால் எந்த அண்டா வைப்பீர்கள் என்று பார்த்துத்தான் நான் வாயையே வெட்டுவேன். தயாராக வார்த்து விற்கும் சிமெண்டு அடுப்பில் அது நடக்காது.

உங்கள் வெந்நீர் அடுப்பை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளித் தாழ்வாரத்துக்கு வெளியே கட்டுங்கள், அம்மா. நாலு பக்கமும் காற்று வரட்டும், மேலே மட்டும் ஓடு போடுங்கள். மட்டையை முழுசாகவே தள்ளலாம், அரிவாளே வேண்டாம். ஆனால் மழைக்காலத்துக்கு முன்பே விறகை ஏற்றிவைக்க ஓர் இடம் செய்யுங்கள். ஈர மட்டைக்கு எந்த அடுப்பும் ஈடுகொடுக்காது. உள்ளே இருக்கும் தண்ணீரைக் காய்ச்சவே பாதித் தீ போய்விடும்.

யாழ்ப்பாணம்

விசிறி அடுப்பைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?

2022-இல் இங்கே எரிவாயுக்கு வரிசையில் நின்ற காலம் எங்களுக்கு மறக்காது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 இலங்கை ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். மின்னடுப்பு வைத்திருந்தவர்கள் இரவில் அரிசியை வைத்துக்கொண்டு இருட்டில் காத்திருந்தார்கள். எங்கள் குசினியில் சமையல் தடைப்படாமல் நடந்ததற்குக் காரணம் அனகி அடுப்பு. குயவர்கள் ஒரே வார்ப்பாகச் செய்து சுட்ட இரண்டு வாய் மண் அடுப்பு. 1980களிலிருந்து இலங்கை முழுவதும் பரவியது. அதை வைத்துச் சுற்றிலும் மண் பூசிவிட்டால் சூடு வெளியே போகாது. ஒரு வாயில் சோறு கொதிக்கும், அதே தீயின் மிச்சத்தில் மற்ற வாயில் பருப்பு வேகும்.

பொச்சுமட்டை (தேங்காய் மட்டை), சிரட்டை, பனை மட்டை, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும். காவோலை (காய்ந்த பனை ஓலை) மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து போகும், அதைப் பற்றவைக்க மட்டுமே வைத்திருப்போம். ஊமல் பிடிக்க நேரம் எடுக்கும். பிடித்த பிறகு புகை இல்லாமல் தணலாக நின்று எரியும், தோசைக்கு அது தனி ருசி. இந்த அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது என்பதையும் மறைக்க மாட்டேன். விறகு குறைகிறது, புகையும் குறைகிறது, அற்றுப் போவதில்லை. குசினி ஜன்னலைப் பெரிதாக்கினோம். திருவண்ணாமலை ஐயா சொல்வது போல ஒரு குழாயும் வைக்க ஆசைதான்.

வேதாரண்யம் பக்கம், கிராம சுகாதாரச் செவிலியர்

எல்லாருடைய அனுபவத்தையும் வாசித்தேன். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களுக்கான சமையலை எரிவாயுவுக்கே மாற்றிவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பேன். எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் விழுப்புரம் பக்கமும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் முனைவர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு ஒரு பன்னாட்டு ஆய்வின் இந்தியப் பகுதியை நடத்தியது. விறகில் சமைத்த கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு எரிவாயு கொடுத்துப் பார்த்த ஆய்வு அது; நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். 2022-இல் முடிவு வெளிவந்தது. எரிவாயு கொடுக்கப்பட்ட பெண்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம், விறகிலேயே தொடர்ந்தவர்களுக்கு 71. எல்லாரின் அளவையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவு இது. பிறந்த பிள்ளைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதற்காகத் தாய் மூச்சில் இழுக்கும் புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைவதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனைமலை அக்கா சொன்ன 150 மில்லிகிராமைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத் தரவரிசையில் அடுப்புகளுக்கு 0 முதல் 5 வரை படிகள் உண்டு, எண் கூடக் கூட அடுப்பு நல்லது. நுண்துகளில் நான்காம் படிக்கு வரம்பு 62 மில்லிகிராம், ஐந்தாம் படிக்கு வெறும் 5. முத்திரை வாங்கிய விசிறி அடுப்பும் அந்த 150-ஐ ஒட்டி நின்றால் மூன்றாம் படியில்தான் இருக்கிறது. அதுவும் ஒரே அளவாக நறுக்கிக் காயவைத்த கட்டையை வைத்துச் சோதனைக்கூடத்தில் எடுத்த அளவு.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். மரக்கரி புகைவதில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். கரித் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொடைக்கானல் குளிரில் அறைக்குள் கரி மூட்டிவைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி வந்தது. எந்த அடுப்பானாலும், தணல் இருக்கும்வரை கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். மழைநாளில் அடுப்பு பிடிக்கவில்லை என்று பாலித்தீன் பையைக் கொளுத்துவதையும் நிறுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் அதைச் சுவாசிக்கிறது.

முதுகுளத்தூர்

யாழ்ப்பாணத்து அக்காவின் கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அடுப்புச் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுத்து விசிறியை ஓட்டும் வகையும் இருக்கிறது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்று இருக்கும் சின்ன வில்லை ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. என் சித்தப்பா வீட்டில் அதுதான். பற்றவைத்துக் கொஞ்ச நேரம் புகையும், சூடு ஏறியதும் விசிறி சுழலத் தொடங்கும், பிறகு தொல்லையில்லை. பால் பொங்கி வழிந்து அந்த வில்லைப் பக்கம் இறங்கிய பிறகு விசிறி ஓடவில்லை. பழுது பார்க்க மதுரைக்கு எடுத்துப் போக வேண்டியதாயிற்று. அதனால் எந்த விசிறி அடுப்பானாலும், விசிறியும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா, எந்த ஊரில் கிடைக்கும் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். மாதிரியின் பெயரையும் எண்ணையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.