கார்ட்டூனுக்காக ஒருவர் மிரட்டப்பட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பக்க வடிவமைப்பாளர், திருநெல்வேலி

நானே தொடங்குகிறேன். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. எங்கள் ஊர் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு அங்கேயே தீக்குளித்தார். பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாமல்தான் அந்த முடிவு. நான்கு பேருமே பிழைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் அச்சகத்தில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம் கார்ட்டூனிஸ்ட் பாலாவின் படம் வந்தது. எரிந்து கிடக்கும் குழந்தை. முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர் மூவரும் உடையில்லாமல், பணக்கட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. நாங்கள் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் இருந்ததை ஒருவர் வரைந்துவிட்டார் என்று தோன்றியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் வீட்டிலிருந்த பாலாவை நெல்லை போலீஸ் பிடித்துக் கொண்டுவந்தது. அவதூறாக அச்சிட்டது, ஆபாசத்தை இணையத்தில் பரப்பியது என்று வழக்கு. செய்தி வந்த அரை மணி நேரத்தில் மாமா போன் செய்தார்: "மாப்ளே, அந்தப் படத்தை முதல்ல அழி. பொம்பளப் புள்ள இருக்கிற வீடு." அழித்தேன். மறுநாள் ஜாமீனில் வெளியே வந்த பாலா, தொடர்ந்து வரைவேன் என்றார். நீதிமன்றம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். நான் போகவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

தம்பி, 1987இல் நான் வேலையில் சேர்ந்த புதிது. விகடனை முடிதிருத்தும் கடையில்தான் படிப்பேன். மார்ச் கடைசியில் வந்த இதழின் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் அமைச்சர் என்று ஒருவர் கேட்கிறார். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் அமைச்சர் என்று பதில் வருகிறது. கடையில் எல்லோரும் சிரித்தோம், அதோடு மறந்தும் போனோம்.

ஏப்ரல் 4 அன்று சட்டமன்றம் உரிமை மீறல் என்று சொல்லி விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அன்றே சிறை. கடைக்காரர் அந்த இதழை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பயந்துதான் ஒளிக்கிறார் என்று நினைத்தேன். "அண்ணே, நாளைக்கு இது கிடைக்காது, அதான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார்.

பத்திரிகைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், எதிர்ப்பு பெரிதானது, ஓரிரு நாளில் விடுதலை. பலர் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது இதற்கு அப்புறம் நடந்ததுதான். வெளியே வந்தவர் சும்மா இருக்காமல் உயர் நீதிமன்றம் போனார். தண்டித்தது தவறு என்று 1994இல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 1000 ரூபாய். பணத்துக்காகவா ஒருவர் ஏழு வருடம் வழக்கு நடத்துவார்?

வழக்கறிஞர், சென்னை

நெல்லை நண்பருக்கு: படத்தை அழித்ததற்காக உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். உங்கள் மாமாவின் பயம் காரணமில்லாதது அல்ல. 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். மம்தா பானர்ஜி பற்றிய கேலிப்படம் ஒன்றை மின்னஞ்சலில் பகிர்ந்ததுதான் காரணம். அவர் வரையவே இல்லை. அவர் மேல் போட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. ஆனாலும் அவர் வழக்கிலிருந்து முழுதாக வெளியே வந்தது 2023 ஜனவரியில். இவ்வளவு வருடம் வாய்தா வாங்கி அலைவதே தண்டனைதான். என்னிடம் வருபவர்கள் பாதிப் பேர் "தப்பு செஞ்சேனா சார்?" என்று கேட்பதில்லை, "எத்தனை வருஷம் ஆகும் சார்?" என்றுதான் கேட்கிறார்கள்.

கல்லூரி ஆசிரியை, விழுப்புரம்

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 2012இல் பதினொன்றாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் இருந்த, கார்ட்டூனிஸ்ட் சங்கரின் 1949ஆம் ஆண்டுக் கார்ட்டூன் நாடாளுமன்றம் வரை போனது. அரசியலமைப்பு என்ற நத்தை மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையோடு. எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்பேத்கர் படம் சாமி படத்துக்கு மேலே இருக்கும். அந்தச் சாட்டை எனக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது. "நேருவின் சாட்டையும் நத்தை மேல்தானே" என்று விளக்கியவர்களுக்கு அந்த வலி புரியவே இல்லை.

ஆனால் பாடநூலுக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியர் சுகாஸ் பல்ஷிகரின் புனே அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள் என்று கேள்விப்பட்டபோது அப்பா ரொம்ப நொந்துபோனார். "அவர் எழுதி எழுதித்தானே ஜெயிச்சார்" என்று அம்பேத்கரைப் பற்றிச் சொன்னார். நான் அந்த வாரம் அந்தப் படத்தை வகுப்புக்கு எடுத்துப்போனேன். ஏன் வலிக்கிறது என்று மாணவர்களிடம் பேசினேன். ஒரு மணி நேர வகுப்பு இரண்டு மணி நேரம் போனது. படம் பிடிக்கவில்லை என்று சத்தமாகச் சொல்ல எனக்கு உரிமை வேண்டும். வரைந்தவர் வீட்டுக்குப் போலீஸ் போகக் கூடாது. இரண்டையும் சேர்த்தேதான் கேட்கிறேன்.

கொழும்பிலிருந்து

எங்கள் நாட்டில் வழக்குப் போடுவது கூட இல்லை, ஆளையே காணாமல் ஆக்கிவிட்டார்கள். கேலிச்சித்திரக்காரரும் எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 இரவு வீடு திரும்பவில்லை. இரண்டு நாளில் ஜனாதிபதித் தேர்தல். அவர் சிங்களவர். அவரது மனைவி சந்தியா அன்றிலிருந்து நீதிமன்றப் படி ஏறுகிறார். 2016இல் ஹோமாகம நீதிமன்றத்திலேயே ஒரு பௌத்த பிக்கு அவரை மிரட்டினார். அடுத்த தவணைக்கும் சந்தியா வந்தார்.

2022 ஜனவரியில் முகத்துவாரம் காளி கோயிலில் தலையை மொட்டையடித்து நேர்த்தி வைத்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு வடக்கில் வருடக்கணக்காகக் குந்தியிருக்கும் எங்கட அம்மாக்கள் சிலரோடு சந்தியாவின் அந்தப் படத்தை நான் பார்த்தேன். அவர்களில் ஒரு அம்மா கைபேசித் திரையைத் தொட்டு, "எங்களை மாதிரித்தான் பிள்ளை" என்றார். அதற்கு மேல் ஒருவரும் கதைக்கவில்லை.

பக்க வடிவமைப்பாளர், திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, அந்த முடிதிருத்தும் கடைக்காரரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

2025 பிப்ரவரியில் ட்ரம்ப் பக்கத்தில் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கும் கார்ட்டூன் வெளிவந்த பின் விகடன் இணையதளம் திறக்கவில்லை. முடக்கத்தை நீக்க மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. தளம் வந்தது, படம் போனது. இதை வெற்றி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என்னிடம் அந்தப் பக்கம் இருந்தது. அச்சகத்தில் ஏ3 தாளில் ஒரு பிரதி எடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.