நம்ம வீட்டுக் குழு: கதிரின் துப்பறியும் கதை

கதிர்: சித்தப்பா, கதையின் முதல் பாதியை அனுப்பியிருந்தேனே, படித்தீர்களா? பழைய கொலைகளை அப்படியே திரும்பச் செய்கிறவன். துப்பறிகிற இருவரும் பழைய கோப்புகளைப் புரட்டி, அடுத்து எங்கே வருவான் என்று கணக்குப் போட்டு மடக்குகிறார்கள்.

சித்தப்பா: படித்தேன்டா. நடை நன்றாக ஓடுகிறது. ஆனால் பிடிபடுகிற இடம் ஒட்டவில்லை. பழைய கொலையோடு எங்கே ஒத்துப்போகிறது என்றே உன் ஆட்கள் தேடுகிறார்கள். ஒத்துப்போகாத இடத்தைத் தேட வேண்டும். அங்கேதான் இவன் யார் என்று தெரியும்.

மீனா: நிஜத்தில் அப்படி யாராவது இருந்தார்களா?

சித்தப்பா: நியூயார்க்கில் ஒருவன் இருந்தான். 1968, 69இல் கலிஃபோர்னியாவில் கொலை செய்துவிட்டு, ‘ஸோடியாக்’ (ராசிச் சக்கரம்) என்ற பெயரில் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியவன் சிக்கவே இல்லை. 1990இல் நியூயார்க்கில் அதே பெயரில், அதே வட்டமும் சிலுவையும் போட்ட கடிதங்கள் வந்தன. மார்ச் 8, மார்ச் 29, மே 31, ஜூன் 21 என்று நான்கு பேர் சுடப்பட்டார்கள். எல்லாமே வியாழக்கிழமை.

கதிர்: இடைவெளி எல்லாம் 21இன் மடங்கு!

சித்தப்பா: அந்தக் கணக்கு தெரிந்தும் பிடிக்க முடியவில்லை. பழையவன் பெரும்பாலும் தனியாக இருந்த ஜோடிகளைத் தாக்கினான். இவனோ ராசிக்கு ஒருவர் என்று தேடினான். 1996இல் வீட்டில் தன் சகோதரியையே சுட்டுவிட்டுப் போலீஸிடம் சரணடைந்தான். அப்போது எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தின் கையெழுத்தும் குறியும் ஒரு துப்பறிவாளருக்குப் பழைய கடிதங்களை நினைவுபடுத்தின. கடிதத்தில் பதிந்திருந்த விரல்ரேகையும் பொருந்தியது.

அத்தை: அந்தப் பெண் பிழைத்தாளா அண்ணா?

சித்தப்பா: பிழைத்துவிட்டாள்.

மீனா: எனக்குத் தெரிந்த ஒரு வழக்கு இதைவிடக் கொடுமை. 1982இல் சிகாகோ பகுதியில் டைலெனால் என்ற வலி மாத்திரையின் கேப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு வைத்து 7 பேர் இறந்தார்கள். இன்றுவரை துலங்கவில்லை. 1986இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பெண் அதே முறையில் கணவரைக் கொன்றாள். மருத்துவர்கள் இயற்கை மரணம் என்று எழுதிவிட்டார்கள். விபத்து என்றால்தான் காப்பீட்டுத் தொகை கூடும். முகம் தெரியாத ஒருவன் கடைகளில் விஷம் வைக்கிறான் என்று நம்பவைக்க, கடைகளிலும் சில குப்பிகளை வைத்தாள். அதில் சம்பந்தமே இல்லாத இன்னொரு பெண்ணும் போய்விட்டார்.

கதிர்: ஐயோ. எப்படிப் பிடித்தார்கள்?

மீனா: சயனைடோடு பச்சைத் துகள்கள் கலந்திருந்தன. மீன் தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்கப் போடுகிற மருந்து. அவள் வீட்டில் மீன் தொட்டி இருந்தது. 1988இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

சித்தப்பா: ஒத்துப்போகாத இடம் என்று இதைத்தான் சொன்னேன். இன்னொன்று கதிர், போலீஸ் சில விவரங்களை வெளியே விடாது. பத்திரிகையைப் பார்த்துச் செய்கிறவன், பத்திரிகை தப்பாகப் போட்டதையும் சேர்த்துச் செய்வான்.

அத்தை: நானும் ஒன்று சொல்கிறேன். உன் கதையில் செத்தவர்களுக்குப் பெயரே இல்லை. ‘முதல் பலி’, ‘இரண்டாம் பலி’ என்றே போகிறது. 1888இல் லண்டன் வைட்சாப்பலில் கொல்லப்பட்ட அன்னி சாப்மன் குரோஷே பின்னியும் பூ விற்றும் பிழைத்தவர். ஊர் உலகத்துக்கெல்லாம் கொன்றவனின் பட்டப்பெயர்தான் தெரிகிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

மீனா: கதைக்கும் அது பலம்தான் அத்தை. செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்று தோண்டினால்தானே, அவர் போனதில் யாருக்கு லாபம் என்று தெரியும்?

கதிர்: அப்படியானால் நான்கு கொலைகளில் மூன்று வெறும் திரை. மூன்றாவதாகச் செத்தவர் மட்டும் அவனுக்குத் தெரிந்தவர். அவர் முகத்தை மட்டும் துணியால் மூடிவிட்டுப் போகிறான். பழைய வழக்கில் அப்படிக் கிடையாது.

சித்தப்பா: நல்ல இடம். தெரிந்தவரைக் கொன்றவர்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் பார்த்ததுமே துப்பறிகிறவர்களுக்குப் புரிந்துவிடக் கூடாது. உடலை முதலில் பார்த்தவர் மூடியிருப்பார் என்று நினைக்கட்டும். அவரை விசாரிக்கிறபோது ‘நான் தொடவே இல்லை’ என்று சொல்லட்டும்.

அத்தை: முதலில் அவருக்கு ஒரு பெயர் வை.

கதிர்: வைக்கிறேன் அத்தை. அவர் என்ன வேலை பார்த்தார், யாருக்குக் கடன் கொடுத்தார் என்பதிலிருந்தே அந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.