அனிமல் மாடல்: 'விலங்கு மாதிரி'யா, 'நோய் ஒப்புரு'வா?

> தஞ்சை, திருவாரூர் மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்காக உணவு, கல்லீரல் கொழுப்பு, சர்க்கரை நோய் பற்றி எழுதிவருகிறேன். மனித நோயை ஆராய, அதைப் போன்ற நோயை விலங்கில் உண்டாக்கிப் பார்க்கும் 'அனிமல் மாடல்' என்பதற்கு 'விலங்கு மாதிரி' என்றே போட்டுவிடலாமா?

வணக்கம் அம்மா.

வேண்டாம் என்பதே என் கருத்து. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 'மாதிரி' என்றால் சோதனைக்கு எடுத்த ரத்தம். உங்கள் கட்டுரையிலேயே "விலங்கு மாதிரியிலிருந்து கல்லீரல் மாதிரி எடுத்தார்கள்" என்று எழுத நேரும். பேச்சில் 'மிருகம் மாதிரி' என்றால் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மாடல் என்பது அந்த விலங்கு மட்டுமல்ல. வழக்கமான தீவனம் தின்னும் ஆய்வகச் சுண்டெலி வெறும் சுண்டெலிதான். ஆற்றலில் 60 விழுக்காடு கொழுப்பிலிருந்து வரும் உணவைப் பல வாரம் கொடுத்தால் அது பெருத்து, இன்சுலினுக்கு மசியாமல் போய், கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. இனம், உணவு, காலம் எல்லாம் சேர்ந்துதான் அங்கே நோயை உண்டாக்குகின்றன. அறை வெப்பம்கூட இதில் சேரும். ஆய்வகங்கள் பெரும்பாலும் 22 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்கும். சுண்டெலிக்கு இதமானது 30 பாகையை ஒட்டியது. குளிரைத் தாங்கவே ஆற்றலைச் செலவிடும் உடலில் அதே உணவு வேறு விதமாக வேலை செய்கிறது. ஆகவே பெயர் விலங்கின் மேல் நிற்கக் கூடாது, நோயின் மேல் நிற்க வேண்டும். நான் முன்வைக்கும் சொல் 'நோய் ஒப்புரு'.

'ஒப்பு' என்று சொன்னதுமே "எதில் ஒப்பு?" என்ற கேள்வி தானாக வரும். இந்தத் துறைக்கு அந்தக் கேள்விதான் உயிர். நம் உவமை இலக்கணம் வினை, பயன், மெய், உரு என்று நான்கு நிலைகளில் ஒப்பைப் பார்க்கிறது. ஆய்வாளர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். நோய் உருவாகும் வழி மனிதரைப் போன்றதா? அது வினை. அங்கே பலித்த மருந்து இங்கேயும் பலிக்குமா? அது பயன். நுண்ணோக்கியில் திசு ஒன்றுபோலத் தெரிகிறதா? அது மெய்யும் உருவும்.

மெத்தியோனின், கோலின் என்ற இரு சத்துகளை நீக்கிய உணவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் தன் கொழுப்பை வெளியே அனுப்பக் கோலின் வேண்டும். அது இல்லாமல் கொழுப்பு தேங்கி, சில வாரங்களில் அழற்சியும் தழும்பும் வந்துவிடுகின்றன. மெய்யில் நல்ல ஒப்பு. ஆனால் விலங்கு மெலிந்துபோகிறது, இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் மசியாத நிலை) வருவதில்லை. வயிறு பெருத்து, சர்க்கரையும் ஏறி வரும் நம் ஊர் நோயாளிக்கு இது நேர் எதிர். 1949இல் கண்டறியப்பட்ட 'ஓபி' சுண்டெலி வேறு வகை. பசியை அடக்கும் லெப்டின் என்ற இயக்குநீரின் மரபணு பழுதானதால் ஓயாமல் தின்று பெருக்கிறது. சர்க்கரையும் ஏறும், கல்லீரலிலும் கொழுப்பு சேரும், ஆனால் தானாகத் தழும்பு வருவது அரிது. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற வேதிப்பொருளை ஏற்றிய எலிக்கு இன்சுலின் சுரக்கும் செல்களே அழிகின்றன. அதைச் சோற்றால் வந்த சர்க்கரைக்கு ஒப்புரு என்று சொல்வது பொருந்தாது. எல்லாமே ஒருபுடை ஒப்பு, அதாவது ஒரு பக்கம் மட்டும் ஒத்தவை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மணல் எலி. பாலைவனத்து உவர்ச்செடிகளைத் தின்று நலமாக வாழும் விலங்கு அது. ஆய்வகத்தில் சாதாரண எலித் தீவனம் கொடுத்தாலே பலவற்றுக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. மற்ற எலிகளுக்கு ஒன்றும் செய்யாத அதே தீவனம்! நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போன பிறகும் தட்டில் சோறு குறையாத நம் டெல்டா மாணவர்களுக்கு இதை விரிவாகச் சொல்லுங்கள். 'எலி' என்று மட்டும் எழுதினால் வரப்பில் வளை தோண்டும் வயல் எலிதான் அவர்கள் நினைவுக்கு வரும். 'ஆய்வக எலி', 'ஆய்வகச் சுண்டெலி' என்றே பிரித்து எழுதுங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வளர்த்தெடுத்த பருத்த எலி வகைகளையும் சேர்க்கலாம்.

— கும்பகோணத்திலிருந்து

> ஐயா, 'ஒப்புரு' என்றால் என் நோயாளிகளுக்குப் புரியாது. மாடல் என்பது எல்லோரும் சொல்வதுதானே?

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நோயாளியிடம் பேசும்போது 'மாடல்' என்றே சொல்லுங்கள், தடையில்லை. பாட எழுத்துக்குக் கிளைக்கும் சொல் தேவை. உணவுவழி ஒப்புரு, மரபணுவழி ஒப்புரு, வேதிவழி ஒப்புரு என்று இது இயல்பாகக் கிளைக்கிறது. விலங்கே இல்லாமல் செல்களை வளர்த்துச் செய்வதை 'உயிரணு ஒப்புரு' எனலாம். 'விலங்கு மாதிரி' அங்கே உதவாது.

'கொழுப்புக் கல்லீரல்' என்பதையும் மாற்றக் கேட்கிறேன். 2023இல் உலகக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் அந்த நோயின் ஆங்கிலப் பெயரையே மாற்றின. கொழுப்பைக் குறித்த பழைய சொல் நோயாளியை இழிவுபடுத்துகிறது என்பது ஒரு காரணம். நம்மிடம் "உனக்குக் கொழுப்பு" என்பது நேரடி வசை. ஸ்கேன் தாளோடு வருபவர் கூனிக் குறுக வேண்டாம். 'கல்லீரல் கொழுப்பேற்றம்' என்றால் நடந்ததை மட்டும் சொல்லும்.

அம்மாவின் கட்டுரையில் அந்த வரி இப்படி அமையலாம்: "மெத்தியோனினும் கோலினும் நீக்கிய உணவுவழி ஒப்புருவில் கல்லீரல் கொழுப்பேற்றமும் தழும்பும் விரைவில் தோன்றும், இன்சுலின் எதிர்ப்பு தோன்றாது." 'எதிர்ப்பு' சரியா, 'மசியாமை' சரியா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.